ஸ்மார்ட்வாட்சுக்கு மெடிக்கல் எய்ட் பணம் தருமா?

நவம்பர் வந்தால் தென்னாப்பிரிக்காவில் இரண்டு செய்திகள் சேர்ந்தே வீடு தேடி வருகின்றன. ஒன்று, ஜனவரியிலிருந்து மெடிக்கல் எய்ட் கட்டணம் எவ்வளவு ஏறப்போகிறது என்ற அறிவிப்பு. இன்னொன்று, பிளாக் ஃப்ரைடே விளம்பரம்: வாரம் முழுக்க நடந்தால் வாட்ச் இலவசம். டர்பனிலும் ஃபீனிக்ஸிலும் லெனேஷியாவிலும் இதைப் பார்க்கிற பலரும் இரண்டையும் முடிச்சுப் போட்டு, "இவ்வளவு கட்டணம் கட்டுகிறோமே, வாட்சை மெடிக்கல் எய்ட் தராதா?" என்று கேட்கிறார்கள். மெடிக்கல் எய்டுக்குள் தமக்கென இருக்கும் சேமிப்புக் கணக்கில் மீதி இருப்பதைப் பார்த்துவிட்டு, கடையில் வாட்ச் வாங்கி பில்லை அனுப்பி, அது திரும்பி வந்தபின் குழம்புகிறவர்களும் உண்டு.

சுருக்கமான பதில் இதுதான். மெடிக்கல் எய்ட் தராது. அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் வேறொரு கம்பெனி தரலாம். ஆனால் அது தருவது உதவித்தொகை அல்ல. வாரா வாரம் நடந்து அடைக்க வேண்டிய கடன். நடக்காத வாரத்துக்குப் பணமாகக் கட்ட வேண்டும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

மெடிக்கல் எய்ட் வேறு, இன்சூரன்ஸ் வேறு

பேச்சில் எல்லாவற்றையும் ஹெல்த் இன்சூரன்ஸ் என்று சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இங்கே மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன.

1. மெடிக்கல் எய்ட், அதாவது மெடிக்கல் ஸ்கீம். 1998-ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் கீழ் இயங்குவது. லாபம் பார்க்கக் கூடாது. ஸ்கீமின் பணம் உறுப்பினர்களுக்குச் சொந்தம். மேற்பார்வை செய்வது கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ். அரசு ஊழியர்களுக்கான ஜெம்ஸும் இதே வகை. நம் சமூகத்தில் ஆசிரியர்கள், நர்ஸுகள், போலீஸ்காரர்கள் பலர் அதில்தான் இருக்கிறார்கள்.

2. ஹெல்த் இன்சூரன்ஸ். டாக்டர் கேட்கும் தொகைக்கும் ஸ்கீம் தரும் தொகைக்கும் உள்ள இடைவெளியை அடைக்கும் கேப் கவர், ஆஸ்பத்திரியில் படுத்த நாளுக்கு இவ்வளவு என்று தரும் கேஷ் பிளான் போன்றவை. இவை இன்சூரன்ஸ் சட்டத்தின் கீழ் வருகின்றன. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு போட்ட விதிகள் 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

3. ரிவார்ட்ஸ் திட்டம். ஆரோக்கியப் பழக்கத்துக்குச் சலுகை தருபவை; டிஸ்கவரி நிறுவனத்தின் வைட்டாலிட்டி, மொமென்டம் நிறுவனத்தின் மல்டிப்ளை போன்றவை. இவை ஸ்கீமும் இல்லை, இன்சூரன்ஸ் பாலிசியும் இல்லை. தனி ஒப்பந்தம், தனி நிபந்தனைகள். சிலவற்றுக்குத் தனி மாதக் கட்டணமும் உண்டு.

வாட்ச் வருவது மூன்றாவது பொருளிலிருந்து. லோகோ ஒன்றுபோல இருப்பதாலும், பல வீடுகளில் எல்லாக் கட்டணமும் ஒரே நாளில் வங்கிக் கணக்கிலிருந்து போவதாலும் நமக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது.

நடப்பவருக்கு ஸ்கீம் ஏன் சலுகை தர முடியாது

தமிழ்நாட்டிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வேலைக்கு வந்தவர்களுக்கு இந்த இடம் புதிதாக இருக்கும். இந்தியாவில் நடைக் கணக்கு வைத்துப் புதுப்பிப்புக் கட்டணத்தில் தள்ளுபடி தரும் பாலிசிகள் இருக்கின்றன. இங்கே மெடிக்கல் ஸ்கீம் அப்படிச் செய்தால் சட்ட மீறல்.

காரணம், சட்டத்தின் 29(1)(n) பிரிவு. ஓர் ஆப்ஷனில், அதாவது ஸ்கீம் தரும் பல பிளான்களில் ஒன்றில், கட்டணத்தை உறுப்பினரின் வருமானம், அவர் சேர்த்திருக்கும் குடும்பத்தினரின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்துத்தான் வேறுபடுத்தலாம். வயது, உடல்நிலை, எத்தனை முறை கிளைம் செய்தார் என்பதையெல்லாம் வைத்து வேறுபடுத்தக் கூடாது. இருபத்தைந்து வயது ஓட்டக்காரரும், சர்க்கரையும் பிரஷரும் உள்ள அறுபது வயதுப் பாட்டியும் ஒரே ஆப்ஷனில் இருந்தால் அடிப்படைக் கட்டணம் ஒன்றே. முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கு விதிக்கும் கூடுதல் தொகை மட்டும் தனிக் கணக்கு.

இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். தென்னாப்பிரிக்க இந்திய வம்சாவளியினரிடையே சர்க்கரை நோயும் இதய நோயும் அதிகம் என்பது நம் வீடுகளிலேயே தெரிகிற உண்மை. உடல்நிலைக்கு ஏற்றபடி கட்டணம் போட விட்டால் முதலில் அடிபடுவது நம் பெரியவர்கள்தான். ஆரோக்கியமானவருக்குக் கொடுக்கும் தள்ளுபடி, நோயாளி கட்டும் கூடுதல் பணத்திலிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

ஆகவே, நடப்பவருக்கு ஊக்கம் தர விரும்பும் நிறுவனத்துக்கு ஒரே வழி, அதை ஸ்கீமுக்கு வெளியே வைப்பது. வைட்டாலிட்டி 1997-லேயே தொடங்கிய திட்டம். இன்று அது ஸ்கீமிலிருந்து தனியாக நிற்பதற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். ஆயுள் காப்பீட்டுக்கு இந்தத் தடை கிடையாது. அங்கே உடல்நிலைக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப பிரீமியத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். "வாட்ச் கட்டினால் பிரீமியம் குறையும்" என்று யாராவது சொன்னால், அவர் பேசுவது அநேகமாக ஆயுள் காப்பீட்டைப் பற்றித்தான்.

பில் ஏன் திரும்பி வருகிறது

சரி, சேமிப்புக் கணக்கு நம் பணம்தானே, அதிலிருந்து வாங்கினால் என்ன? அந்தக் கணக்கும் ஸ்கீம் விதிகளுக்கு உட்பட்டது. மருத்துவச் சேவைக்கும் மருத்துவப் பொருளுக்கும்தான் அதிலிருந்து பணம் போகும். ஒரு கிளைமை ஸ்கீமின் கணினி ஏற்றுக்கொள்ள, பொதுவாக மூன்று விஷயங்கள் தேவை:

1. பிராக்டிஸ் நம்பர். டாக்டர், ஃபார்மசி, லேப் ஒவ்வொன்றுக்கும் தரப்படும் பதிவு எண்.

2. ஐசிடி-10 குறியீடு. என்ன நோய்க்காக என்பதைச் சொல்வது. டைப் 2 சர்க்கரைக்கு E11-இல் தொடங்கும், பிரஷருக்கு I10.

3. சேவையாக இருந்தால் டாரிஃப் குறியீடு, மருந்தோ கருவியோ என்றால் நாப்பி குறியீடு.

எலக்ட்ரானிக்ஸ் கடையின் பில்லில் இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது. டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தாலும் கடைக்குப் பிராக்டிஸ் நம்பர் முளைத்துவிடாது. கிளைமைப் பார்க்கிற ஊழியர் கறாரானவர் என்று கோபப்படுவதில் பயனில்லை. அந்த பில்லை உள்ளே போட இடமே கிடையாது.

அதே சமயம், ஃபார்மசியில் வாங்கும் குளுக்கோமீட்டர், அதற்கான ஸ்ட்ரிப், பிரஷர் பார்க்கும் மெஷின் ஆகியவற்றை நாப்பி குறியீட்டோடு பல ஆப்ஷன்களில் கிளைம் செய்யலாம். சர்க்கரையும் பிரஷரும் கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களின் நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் படிவம் நிரப்பி ஸ்கீமில் பதிவு செய்தால், நோயைக் கண்காணிக்கும் பரிசோதனைகளும் விதிகளுக்கு உட்பட்டு நாள்பட்ட நோய்க்கான பலனிலிருந்தே போகும். சேமிப்புப் பணத்தைத் தொட வேண்டியதில்லை. வாட்சுக்காக அலைகிற எத்தனையோ பேர் இந்தப் பதிவைச் செய்யாமலே இருக்கிறார்கள். உடம்புக்கு உண்மையில் உதவும் பணம் அங்கேதான் கிடக்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, டிசம்பரில் சேமிப்புக் கணக்கின் மீதியைப் பார்த்துப் பதற வேண்டாம். பயன்படுத்தாத சேமிப்புத் தொகை அடுத்த ஆண்டுக்குப் போகும். ஆண்டு முடிந்தால் அழிவது, சேமிப்பு அல்லாத அன்றாடப் பலன்களின் வரம்புதான்.

வாட்ச் பணத்தின் சூத்திரம்

ரிவார்ட்ஸ் திட்டங்கள் வாட்சுக்கு உதவும் முறை இரண்டு. முதலாவது நேரடித் தள்ளுபடி: குறிப்பிட்ட கடையில் அல்லது குறிப்பிட்ட பிராண்டில் விலையில் ஒரு பங்கு குறையும். இதில் சிக்கல் குறைவு.

இரண்டாவதுதான் "இலவச வாட்ச்". வாட்சை இன்றே கையில் கொடுத்துவிடுவார்கள். விலையை இருபத்துநான்கு மாதம் போன்ற தவணைக்காலத்துக்குப் பிரித்துவிடுவார்கள். ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு ஓர் இலக்கு வரும். அடைந்தால் அந்தப் பங்கு தள்ளுபடியாகும், அல்லது திரும்பி வரும். அடையாவிட்டால் கட்ட வேண்டும்.

நடந்தபின் பரிசு தருவதைவிட, முதலிலேயே கொடுத்துவிட்டு நடக்காததற்குப் பணம் பிடிப்பது ஏன்? மனிதருக்குப் பத்து ரேண்ட் கிடைக்கிற சந்தோஷத்தைவிட, பத்து ரேண்ட் போகிற வலி அதிகம். அந்த வலியை வைத்தே நடக்க வைப்பதுதான் இந்த ஏற்பாடு. அது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரமும் உண்டு. ராண்ட் யூரோப் என்ற ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், தென்னாப்பிரிக்கா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் வைட்டாலிட்டி சார்ந்த திட்டங்களில் இருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைப் பார்த்தார்கள். ஆப்பிள் வாட்ச் ஏற்பாட்டில் சேர்ந்தவர்களின் உடலுழைப்பு, வாட்ச் இல்லாத ரிவார்ட்ஸ் உறுப்பினர்களோடு ஒப்பிட்டால் சராசரியாக 34 சதவீதம் கூடியிருந்தது. மாதத்துக்கு ஏறத்தாழ ஐந்து நாள் கூடுதலாக இயங்கியிருந்தார்கள். இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த பரிசோதனை அல்ல. வாட்ச் வேண்டும் என்று தாமாகச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்களாக இருந்திருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஒதுக்கித் தள்ளக்கூடிய முடிவு இல்லை.

ரேண்டில் கணக்கு

எண்கள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள். வாட்ச் விலை 9,600 ரேண்ட். இருபத்துநான்கு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 400. மாதத்துக்கு நான்கு வாரம் என்றால், தவறவிடும் ஒவ்வொரு வாரமும் 100 ரேண்ட். ரிவார்ட்ஸ் திட்டத்தின் மாதக் கட்டணம் 300 ரேண்ட் என்று வைப்போம். இரண்டு ஆண்டில் அது மட்டும் 7,200.

வாட்சுக்காக மட்டும் திட்டத்தில் சேர்ந்தவருக்கு:

1. ஒரு வாரம்கூடத் தவறாமல் நடந்தால் மொத்தச் செலவு 7,200.

2. மாதம் ஒரு வாரம் தவறினால் 2,400-ஐயும் சேர்த்து 9,600. கடை விலையேதான்.

3. மாதம் இரண்டு வாரம் தவறினால் 12,000. கடையில் வாங்கியிருந்தால் 2,400 மிச்சம்.

ஜிம், மளிகை, விமான டிக்கெட் சலுகைகளுக்காக ஏற்கெனவே அந்தத் திட்டத்தில் இருப்பவர் 7,200-ஐக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவருக்கு இது உண்மையிலேயே நல்ல பேரம். வாட்சுக்காகப் புதிதாகச் சேர்பவர், நான்கில் மூன்று வாரம் விடாமல் நடந்தும் கடை விலையைத்தான் தொடுகிறார். குறிப்பிட்ட கிரெடிட் கார்டு வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அந்தக் கார்டின் மாதக் கட்டணத்தையும் கூட்டுங்கள்.

இரண்டு ஆண்டு என்பது நீண்ட காலம். அதற்குள் காய்ச்சல் வரும், முழங்கால் வலி வரும், மகப்பேறு வரும். வீட்டில் ஒரு துக்கம் விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை யாரும் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. வாரக் கணக்கு அதற்காக நிற்காது. அறுவை சிகிச்சைக்கும் கர்ப்ப காலத்துக்கும் இலக்கை நிறுத்திவைக்க வழி உண்டா, டாக்டர் சான்றிதழ் போதுமா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதயத் துடிப்புப் புள்ளியும் பிரஷர் மாத்திரையும்

இலக்குகள் இரண்டு வகையில் அளக்கப்படுகின்றன: அடிகள், இதயத் துடிப்பு. துடிப்புக்கு வழக்கமான சூத்திரம் 220-இல் வயதைக் கழிப்பது. அறுபது வயதுக்காரருக்கு உச்சத் துடிப்பு 160 என்று கணக்காகும். அதில் 70 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 112 துடிப்பை அரை மணி நேரம் தொட்டால் புள்ளி என்று இலக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இதில் நம் பெரியவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அட்டெனலால், பிசோப்ரோலால், கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பவை. அது மருந்தின் குறை இல்லை, அதன் வேலையே அதுதான். சாட்ஸ்வொர்த்தின் மேட்டுத் தெருவில் வேர்க்க வேர்க்க ஏறினாலும் வாட்ச் 95-ஐத் தாண்டாமல் நிற்கலாம். உழைப்பு நடந்திருக்கிறது, புள்ளி விழாது. அப்படிப்பட்டவர் அடிகளை வைத்து அளக்கும் இலக்கு உள்ள திட்டத்தைத்தான் தேர வேண்டும். புள்ளிக்காக மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம்.

அடிக் கணக்கிலும் ஓட்டை உண்டு. மணிக்கட்டில் கட்டிய வாட்ச் கையின் வீச்சைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அடிகள் விடுபடும். தைப்பூசத்தில் காவடியைத் தோளில் தாங்கிப் பிடித்து நடப்பவரின் கையும் வீசாது. அன்றைய நடை முழுதும் கணக்கில் ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வாட்ச் எதைக் காட்டும், எதைக் காட்டாது

வாட்சை மருத்துவக் கருவியாக நினைத்து வாங்குபவர்களுக்கு இது. துடிப்பின் ஒழுங்கின்மையை வாட்ச் ஓரளவு கண்டுபிடிக்கும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 4,19,297 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் 0.52 சதவீதம் பேருக்குத்தான் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை வந்தபின் நெஞ்சில் ஒட்டும் கருவியை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேரிடம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் ஒழுங்கற்ற துடிப்பு உறுதியானது. எச்சரிக்கை வந்தால் டாக்டரைப் பாருங்கள். வரவில்லை என்பதால் இதயம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாரடைப்பை வாட்ச் கண்டுபிடிக்காது.

சர்க்கரை விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஊசி குத்தாமல் சர்க்கரையைக் காட்டும் வாட்ச் என்று ஆன்லைனில் சில நூறு ரேண்டுக்கு விற்கிறார்கள். அப்படித் தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்கும் அங்கீகாரம் தரவில்லை, பயன்படுத்த வேண்டாம் என்று மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் மேற்பார்வை செய்யும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மேல்கையில் ஒட்டி, மெல்லிய இழையைத் தோலுக்குள் செலுத்தி அளக்கும் சென்சார் வேறு பொருள். அது மருத்துவக் கருவி. வாட்ச் அதன் எண்ணை வாங்கிக் காட்டும் திரை மட்டுமே. டைப் 1 சர்க்கரை உள்ளவர்கள், குறிப்பாக அது உள்ள குழந்தைகளின் பெற்றோர், இந்தச் சென்சார் தம் ஆப்ஷனில் உண்டா என்று ஸ்கீமிடம் கேட்டே ஆக வேண்டும்.

தகவல் யாரிடம் போகிறது

வாட்ச் கம்பெனி, ரிவார்ட்ஸ் திட்டம், அதோடு தொடர்புள்ள ஆயுள் காப்பீடு என்று உங்கள் துடிப்புக்கும் தூக்கத்துக்கும் பல வாசல்கள் உண்டு. போப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2020 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தன. நிறுவனங்களுக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. அது உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புள்ள வகையில் வைக்கிறது. என்ன தகவல் வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஸ்கீம் உங்கள் நடையைப் பார்த்துக் கட்டணத்தை ஏற்ற முடியாது. மேலே சொன்ன 29-ஆம் பிரிவு அங்கே காவல் நிற்கிறது. கவனம் வேண்டியது ஆயுள் காப்பீட்டில். 2018-இல் டர்பனைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். கார் கடத்தலில் சுட்டுக் கொல்லப்பட்டவரின் காப்பீட்டுத் தொகையை, அவர் விண்ணப்பத்தில் ரத்த சர்க்கரையைச் சொல்லவில்லை என்ற காரணத்தால் நிறுவனம் மறுத்தது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பிய பிறகே பணம் கொடுத்தார்கள். இதில் வாட்ச் இல்லை. ஆனால் வாட்ச் ஒழுங்கற்ற துடிப்பை எச்சரித்திருக்க, விண்ணப்பத்தில் "இதயப் பிரச்சினை எதுவும் தெரியாது" என்று எழுதினால், பின்னால் அதே வாதம் வர இடமிருக்கிறது. எச்சரிக்கை வந்திருந்தால் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள்.

வரியில் கழிக்க முடியுமா

பெரும்பாலும் முடியாது. 2025/26 வரி ஆண்டில் மெடிக்கல் எய்ட் கட்டணத்துக்காக முதல் இருவருக்குத் தலா மாதம் 364 ரேண்டும், அடுத்த ஒவ்வொருவருக்கும் 246 ரேண்டும் வரிச்சலுகையாக வைக்கப்பட்டது. இது ஸ்கீமுக்குக் கட்டும் பணத்துக்கு மட்டும். ரிவார்ட்ஸ் திட்டத்தின் கட்டணம் இதில் சேராது. வாட்ச், வரித்துறையான சார்ஸ் ஏற்கும் சாதாரண மருத்துவச் செலவுப் பட்டியலிலும் இல்லை.

தகராறு வந்தால் எங்கே போவது

எந்தப் பொருள் என்பதைப் பொறுத்து வாசல் மாறும்.

1. மருந்து, சென்சார், பிரஷர் மெஷின் கிளைமை ஸ்கீம் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்கு எழுதலாம். பதில் தர ஸ்கீமுக்கு முப்பது நாள். கிளைமை, சிகிச்சை நடந்த மாதத்துக்கு அடுத்த நான்காவது மாதக் கடைசிக்குள் அனுப்பியிருக்க வேண்டும்.

2. ரிவார்ட்ஸ் புள்ளி விழவில்லை என்றால் கவுன்சில் தலையிடாது. முதலில் திட்டத்திடம்தான் கேட்க வேண்டும். வாட்ச், ஆப், திட்டம் மூன்றிலும் அன்றைய எண்ணிக்கை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

3. வாட்ச் கடனில் வாங்கியதாக இருந்தால் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் துணைக்கு வரும். அச்சட்டத்தின் கீழ் வரும் கடனை எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டியே அடைத்து முடிக்கலாம். வேலை மாறி, கம்பெனி வேறு ஸ்கீமுக்கு மாற்றி, ரிவார்ட்ஸ் உறுப்பினர் தகுதி போனாலும் மீதித் தவணை உங்கள் பெயரிலேயே நிற்கும் என்பதால், அன்றைய தேதியில் அடைக்க எவ்வளவு வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே திட்டத்தை ரத்து செய்யுங்கள்.